தகரத்துக்கும் ஒரு தேதி போடுங்கள்: சேலம் மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர், ஆணையர், அறுபது கோட்டங்களின் மாமன்ற உறுப்பினர்கள், நகரமைப்புப் பிரிவு அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இந்த ஊரில் தெருவிலோ மைதானத்திலோ பாலத்துக்கு அடியிலோ "தற்காலிகம்" என்று சொல்லி யார் எதை அடைத்தாலும், அது தகரமோ பேரிகேடோ கம்பி வேலியோ பூட்டுப் போட்ட கேட்டோ, யாருடைய உத்தரவு, எந்தத் தேதி வரைக்கும் என்று எழுதிய பலகை ஒன்று அதில் தொங்க வேண்டும். தேதி முடிந்த மறுநாள் மாநகராட்சியே ஆள் அனுப்பி அதை எடுத்துவிட வேண்டும். இதை ஒரு தீர்மானமாக மாமன்றத்தில் கொண்டுவாருங்கள். இவ்வளவுதானா, இதற்கு ஒரு கடிதமா என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் வீட்டு பிளான் போட்டு, அப்ரூவலுக்கு அலைந்து பிழைக்கிறவன். செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, அரை அடி குறைந்தால் ஃபைல் திரும்பி வரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அதில் எனக்குக் கோபமும் இல்லை, விதி என்றால் விதி. தனி மனிதன் சுவருக்கு இத்தனை விதி இருக்கும்போது, நெருக்கடி என்ற பெயரில் பொது இடத்தில் எழும் சுவருக்கு ஏன் ஒரு விதியும் இல்லை என்பதுதான் என் கேள்வி.

சட்டத்தில் நெருக்கடிக்கு ஆயுள் குறித்திருக்கிறார்கள். 1975 ஜூன் 25 இரவு அறிவித்த எமர்ஜென்சி 1977 மார்ச் 21 வரை நீடித்தது; அந்த அனுபவத்துக்குப் பிறகு 1978-ல் 44-ஆவது திருத்தம் கொண்டுவந்து, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றம் மறுபடி ஒப்புதல் தந்தால்தான் அவசரநிலை தொடரும் என்று கட்டிப்போட்டார்கள். நாம் 144 என்று சொல்லிப் பழகிய தடை உத்தரவு, இப்போது புதிய சட்டத்தில் 163-ஆவது பிரிவு, அதற்கும் இரண்டு மாதம்தான் கணக்கு, மாநில அரசு நினைத்தால் மேலும் ஆறு மாதம் நீட்டலாம், அதற்கு மேல் இல்லை. ஆனால் அந்த உத்தரவை நிறைவேற்றுகிறேன் என்று நட்ட கம்பத்துக்கும் கட்டிய வேலிக்கும் எந்தப் பிரிவிலும் கெடு கிடையாது. உத்தரவு செத்த பிறகும் வேலி நிற்கும். கொஞ்ச நாளில் அதில் கொடி கட்டுவார்கள், துணி காயப்போடுவார்கள், பிறகு அது அங்கேயே இருந்தது என்று எல்லோரும் நம்பிவிடுவோம்.

எமர்ஜென்சி என்றால் நம் பக்கத்தில் மிசா கைது, பத்திரிகைத் தணிக்கை, 1976 ஜனவரி 31-ல் கலைக்கப்பட்ட ஆட்சி, இவைதான் பேச்சில் வரும். பழைய டெல்லிக்காரர்களைக் கேட்டால் புல்டோசர் என்பார்கள். துர்க்மான் கேட் பகுதியில் 1976 ஏப்ரலில் வீடுகளை இடிக்கப் போனார்கள், மக்கள் மறித்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றுவரை ஒத்த கணக்கு இல்லை. அந்த இரண்டு வருடத்தில் டெல்லியில் மட்டும் ஒன்றரை லட்சம் கட்டுமானங்களை இடித்ததாக, எமர்ஜென்சி அத்துமீறல்களைப் பிறகு விசாரித்த ஷா கமிஷன் பதிவு செய்தது. வீட்டை இழந்தவர்களை ஊரின் விளிம்புக்கு லாரியில் ஏற்றி, ஒரு குடும்பத்துக்கு 25 சதுர கஜம் மனை அளந்து கொடுத்தார்கள், அதிலும் கருத்தடை செய்துகொண்டதற்குச் சான்று இருந்தால் முன்னுரிமை. அளவை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள், 225 சதுர அடி. நம் ஊரில் கார் ஷெட்டுக்கு அதைவிட அதிகம் கேட்கிறார்கள். பிறகு எமர்ஜென்சி போனது, ஆட்சி மாறியது, கமிஷன் வந்தது, அறிக்கை வந்தது. அப்படிக் குடியேற்றிய திரிலோக்புரி, மங்கோல்புரி, ஜஹாங்கீர்புரி எல்லாம் எங்கேயும் போகவில்லை. இன்றைக்கு டெல்லி வரைபடத்தைத் திறந்தால் எமர்ஜென்சி யாரை எங்கே கொண்டுபோய் வைத்ததோ அங்கேயே அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பிளான் போடுகிறவன் என்ற முறையில் எனக்கு உறைத்தது இதுதான்.

அதே 1976 ஏப்ரலில் சென்னையில் ஒரு திறப்பு விழா நடந்தது. வள்ளுவர் கோட்டத்தைத் திட்டமிட்டுக் கட்டிய ஆட்சி அப்போது கலைக்கப்பட்டுவிட்டது, திறந்துவைத்தவர் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது, அதாவது எமர்ஜென்சி அறிவிப்பில் கையெழுத்துப் போட்ட அதே கை. இன்றைக்கு அந்தக் கல்தேரின் பக்கம்தான் சென்னையில் ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி தருகிற வழக்கமான இடங்களில் ஒன்று. கட்டிடம் யார் கையில் எப்படி மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் கட்டும்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து ஒன்றே ஒன்று. பஹ்ரைனில் முத்து ரவுண்டானா என்று ஒன்று இருந்தது, 1982-ல் வளைகுடா நாடுகளின் மாநாட்டை ஒட்டி எழுப்பியது, உச்சியில் ஒரு பெரிய முத்து. 2011 பிப்ரவரியில் மக்கள் அங்கே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். மார்ச் 15-ல் அவசரநிலை அறிவித்தார்கள், மார்ச் 18-ல் நினைவுச்சின்னத்தையே இடித்தார்கள். இடிக்கிற அவசரத்தில் கிரேன் ஓட்டிய வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் செத்துப்போனார். அந்தச் சின்னம் பொறித்த நாணயத்தைக்கூடத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவசரநிலை சில மாதத்தில் நீங்கியது. ரவுண்டானா போனது போனதுதான், அங்கே சிக்னல் வைத்த சந்திப்பாகிவிட்டது. ஐந்து ரோட்டையும் நான்கு ரோட்டையும் பார்த்து வளர்ந்த நமக்கு, ரவுண்டானாவைச் சந்திப்பாக்குவது போக்குவரத்து விஷயம் என்றுதான் தோன்றும், அதுதான் இதில் இருக்கிற சாமர்த்தியம். கூட்டம் கூடுகிற இடத்தை எடுத்துவிட்டால் கூட்டத்துக்குத் தடை போட வேண்டிய வேலையே இல்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். சேலத்தில் இந்தக் கதை கொஞ்சம் தலைகீழாக நடந்திருக்கிறது, அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. திருமணிமுத்தாற்றங்கரையில் இருந்த கோட்டை ஹைதர் அலிக்கும் கும்பினிக்கும் நடுவில் கைமாறிய கோட்டை. சண்டைக்காகக் கட்டியது, அதாவது நிரந்தர நெருக்கடிக்காகவே எழுந்த கட்டிடம். அந்த மதில் இன்று இல்லை. கோட்டை மாரியம்மன் இருக்கிறாள், அழகிரிநாதர் இருக்கிறார், கோட்டை மைதானம் இருக்கிறது. அந்த மைதானத்தில்தான் ஆசிரியர் சங்கம், அங்கன்வாடி ஊழியர், விவசாயிகள், ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லோரும் வந்து ஷாமியானா போட்டு மைக் பிடிக்கிறார்கள். பட்டாளத்துக்கு வேண்டியிருந்த இடம் பொதுமக்களுக்குக் கிடைத்த ஊர் இது. 1944-ல் திராவிடர் கழகம் என்ற பெயர் பிறந்ததும் இந்த ஊரில் நடந்த மாநாட்டில்தான். கூடிப் பேசுவதற்கு இடம் இல்லாத ஊரில் இதெல்லாம் நடந்திருக்காது.

அஸ்தம்பட்டிப் பக்கம் இருக்கிற இன்னொரு மதிலையும் மறக்கக் கூடாது. 1950 பிப்ரவரி 11, சேலம் மத்திய சிறை. கம்யூனிஸ்ட் கைதிகள் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மலபாரிலிருந்து வந்தவர்கள். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து அப்போது 16 நாள்தான் ஆகியிருந்தது. 352-ஆவது பிரிவை யாரும் கையில் எடுக்கவில்லை, நாட்டில் அவசரநிலை எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஏற்காட்டுக்கு டூர் போகிற வேன்கள் அந்தப் பக்கமாகத்தான் தினமும் பாட்டுப் போட்டுக்கொண்டு போகின்றன. வேனில் இருப்பவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரிய வழி ஏது?

அறிவிப்பே இல்லாத நெருக்கடியை 2018-லும் இங்கே பார்த்தோம். சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்குக் கல் நட வந்தபோது அடிவாரத்து வயல்களுக்குள் சர்வேயரோடு போலீசும் இறங்கியது, தடுத்தவர்களைக் கைது செய்தார்கள். நில எடுப்பை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் புதிதாக அறிவிப்பு வெளியிட்டுத் தொடரலாம் என்றது. அது உங்கள் எல்லைக்குள் வராத விஷயம், இதோடு விடுகிறேன்.

உங்கள் எல்லைக்குள் வருவது கல்யாண மண்டபம். சிரிக்காதீர்கள். தமிழ்நாட்டில் மறியல் என்றால் என்ன நடக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: வேனில் ஏற்றுவார்கள், பக்கத்து மண்டபத்தில் இறக்குவார்கள், மடக்குக் கேட்டை இழுத்துவிடுவார்கள், மதியம் ஒரு பொட்டலம் சாப்பாடு, சாயங்காலம் விடுதலை. வாசலில் முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம்கூட இன்னும் வாடியிருக்காது. உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருக்குமா தெரியவில்லை, நமக்கு அது பழகிப்போன நாடகம், கைதாகிறவர்களும் அதற்குத் தயாராகத்தான் வருகிறார்கள். ஆனால் மண்டபத்துக்குப் பிளான் போட்டவன் கண்ணால் பாருங்கள். ஒரு கடையைக் கிளினிக்காக மாற்ற வேண்டும் என்றால் பயன்பாட்டு மாற்றத்துக்கு நான் எத்தனை படிவம் நிரப்புகிறேன்! மண்டபத்தைச் சிறையாக மாற்ற ஒரு போன் போதும். பூட்டி வைக்கிற நேரத்தில் அந்தக் கட்டிடத்தின் விதிகள் எல்லாம் எங்கே போகின்றன? 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தில் பிடித்த தீயில் 50 பேருக்கு மேல் செத்தார்கள், மாப்பிள்ளையும் சேர்த்து. அது பூட்டாத மண்டபம். வாசலில் காவல் நிற்கிற மண்டபத்தில் நானூறு பேர் உள்ளே இருக்கும்போது சமையல்கட்டில் ஏதாவது ஆனால்? லைசென்ஸ் புதுப்பிக்கும்போது இரண்டாவது வழி திறந்திருக்கிறதா, கழிவறை எத்தனை பேருக்குத் தாங்கும் என்று பார்ப்பது மாநகராட்சி வேலை. அடைத்து வைத்த நேரத்திலும் அந்த இரண்டாவது கதவு பூட்டாமல் இருக்க வேண்டும் என்று காவல்துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அதற்குப் பணம் செலவாகாது.

வாசலைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. ஜாலியன்வாலா பாக்கைப் பற்றிப் படிக்கிற எல்லோரும் சுடச் சொன்ன ஜெனரல் டயரைப் பற்றிப் படிக்கிறார்கள், நான் அந்தச் சந்தின் அகலத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். கவச வண்டியே நுழைய முடியாத சந்து. சுற்றிலும் வீட்டுச் சுவர்கள், இருந்த வழிகளும் குறுகல். கூட்டத் தடை 1919 ஏப்ரல் 13 அன்று காலையில்தான் தண்டோரா போடப்பட்டது, சாயங்காலம் சுட்டார்கள். அரசுக் கணக்கிலேயே 379 சாவு. அந்தத் தண்டோரா எத்தனை பேர் காதில் விழுந்ததோ, ஓடுவதற்கு வழியில்லாமல் போனது மட்டும் எல்லோருக்கும் பொது. ஆகவே கோட்டை மைதானத்தையோ போஸ் மைதானத்தையோ "அழகுபடுத்துகிறோம்" என்று ஒரு வரைபடம் எப்போதாவது உங்கள் மேசைக்கு வந்தால், தயவுசெய்து முதலில் வாசலை எண்ணுங்கள். நீரூற்றும் செல்ஃபி பாயிண்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சுற்றிக் கம்பி வேலி, ஒரே கேட், ராத்திரி பூட்டு என்று வரைந்திருந்தால் அதைத் திருப்பி அனுப்புங்கள், எங்கள் ஃபைலை எல்லாம் திருப்புகிறீர்கள் அல்லவா.

கொரோனா வந்த 2020-ஐப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. அது நோய்க்கான நெருக்கடி, அரசியல் இல்லை என்பீர்கள். ஆனால் கையாண்ட சட்டங்களில் ஒன்று 1897-ல் பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் எழுதியது, அந்தப் பிளேக்கைக் காட்டித்தான் மறு வருடமே நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்து நெருக்கமான குடியிருப்புகளை இடித்து அகலச் சாலை போட்டார்கள். நோய் முகாந்திரம், சாலை நிரந்தரம். நம் ஊரில் ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலத்துக்கும் திருப்பூருக்கும் தனியாக முழு ஊரடங்கு போட்டார்கள், நினைவிருக்கும். மற்ற நாட்களில் தெருவுக்குத் தெரு தகரம். எங்கள் பக்கத்திலும் அடித்தார்கள், நோய் வந்த வீடு ஒன்று, தகரம் நான்கு சந்துக்கு. யார் அடித்தார்கள் என்பது இப்போது பிரச்சினை இல்லை, அந்தச் சமயத்தில் எல்லோருக்கும் பயம், நானும் சும்மாதான் இருந்தேன். தறி ஓட்டுகிற வீடுகள் அந்தச் சந்துகளில், பாவு நூல் கொண்டுவர வழியில்லை, நெய்த துணி வெளியே போகவும் வழியில்லை. எப்போது பிரிப்பார்கள் என்று கேட்டால் ஒருவருக்கொருவர் கையைக் காட்டினார்கள், ஏனென்றால் எங்குமே தேதி எழுதியிருக்கவில்லை. ஊரடங்கைத் தளர்த்தி அறிவிப்பு டிவியில் வந்த பிறகும் தகரம் இருந்தது, கடைசியில் ஓர் இரவு யாரோ பிரித்துப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். கம்பத்துக்குத் தோண்டிய குழிகளில் ஒன்று இன்னும் தார் பூசாமல் இருக்கிறது.

மலையில் இதைவிட எளிது. ஏற்காட்டுக்கு அடிவாரம் வழி ஒன்று, குப்பனூர் வழி ஒன்று. இரண்டு செக்போஸ்ட்டைப் போட்டால் ஒரு மலையையே மூடிவிடலாம். டூரிஸ்ட் வராததால் ஹோட்டல்காரர்களுக்கு நஷ்டம் என்பது பேப்பரில் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வர பஸ்ஸை நம்பியிருந்த மலைக்கிராமத்துக்காரர்கள் கதை அந்த அளவுக்கு வரவில்லை.

அதே நாட்களில் ஐந்து ரோட்டு ஈரடுக்கு மேம்பாலத்தின் ஒரு பகுதியைத் திறந்தார்கள், 2020 ஜூனில். மறு வருடம் இரண்டாவது அலையில் டெல்லி மூடிக்கிடந்தபோதும் புதிய நாடாளுமன்றம் உள்ளிட்ட சென்ட்ரல் விஸ்டா கட்டுமான வேலை நிற்கவில்லை, அத்தியாவசிய வேலை என்றார்கள். நெருக்கடி காலத்தில் எல்லாம் நின்றுபோகிறது என்பது சரியில்லை. கூடுவது நிற்கும், கட்டுவது நடக்கும். கேள்வி கேட்க ஆள் தெருவில் இல்லாத நேரத்தில் எழுகிற கட்டுமானத்தைப் பற்றி நான் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. பாலம் வேண்டாம் என்று சொல்கிறேனா, இல்லை. நானும் தினம் அதில்தான் போகிறேன்.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். பேரிகேட் போலீஸ் விஷயம், மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறை விஷயம், தடை உத்தரவு எங்கள் அதிகாரத்தில் இல்லை. உண்மைதான். ஆனால் மாநகராட்சித் தெருவின் தரை உங்களுடையது. ஒரு வீட்டுக்காரர் வாசலில் சாய்வுப் படி நீட்டினால் அளந்து இடிக்கிறீர்கள். அதே தரையில் குழி தோண்டிக் கம்பம் நட யார் வந்தாலும் உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு வாங்க வேண்டும், அந்தச் சீட்டில் முடியும் தேதி இருக்க வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. தடுப்பே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை, ஆடித் திருவிழாவுக்கும் வெள்ளத்துக்கும் நோய்க்கும் தடுப்பு தேவைப்படும். கலெக்டர் ஆபீஸ் முன்னால் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்வதும் பார்த்திருக்கிறேன், அது நியாயமான கவலை. அதற்காகத்தான் மைதானங்களைத் திறந்து வையுங்கள் என்கிறேன். டெல்லியில் போட் கிளப் புல்வெளியில் லட்சக்கணக்கில் விவசாயிகள் வந்து உட்கார்ந்த 1988-க்குப் பிறகு அந்த இடத்தை மூடி ஜந்தர் மந்தர் சாலைக்குத் தள்ளினார்கள், 2017-ல் சத்தம் என்று சொல்லி அதையும் தடுத்தார்கள், 2018-ல் உச்ச நீதிமன்றம் போய்த்தான் அது திரும்பக் கிடைத்தது. இடத்தைச் சுருக்கச் சுருக்கக் கூட்டம் சாலைக்குத்தான் வரும்.

மாஸ்டர் பிளானை எப்போது திருத்தினாலும் கோட்டை மைதானத்தையும் போஸ் மைதானத்தையும் "திறந்தவெளி, பொதுக்கூடல்" என்று பெயர் போட்டுக் குறியுங்கள், வணிக வளாகத்துக்கோ நிரந்தர பார்க்கிங்குக்கோ மாற்ற முடியாதபடி. பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டியபோது பஸ்கள் போஸ் மைதானத்தில் நின்றன, நல்ல காரியம், ஊருக்கு ஒரு வெற்றிடம் இருந்ததால்தானே அது முடிந்தது. பெரிய மனைப்பிரிவு போடுகிறவரிடம் 10 சதவீதம் ஓ.எஸ்.ஆர்., அதாவது பொதுத் திறந்தவெளிக்கான இடம் வாங்குகிறீர்கள், அதில் எத்தனை இடங்கள் கேட் பூட்டிய பூங்காவாகக் கிடக்கின்றன என்று கோட்டம் கோட்டமாக ஒரு பட்டியல் எடுங்கள். மேம்பாலத் தூண்களுக்கு நடுவே இருக்கிற நிழலைக் கம்பி அடித்து மூட யாராவது எஸ்டிமேட் போட்டால் அதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள், வெயிலில் வேர்க்கடலை விற்கிறவருக்கும் மழையில் பைக்கை நிறுத்துகிறவருக்கும் அது வேண்டும். ஆர்ப்பாட்டம் நடக்கிற இடத்தில் பெண்களுக்குக் கழிவறையும் குடிதண்ணீரும் வையுங்கள், காலையிலிருந்து வெயிலில் உட்காருகிற அங்கன்வாடி அம்மாக்கள் தண்ணீர் குடிக்கவே யோசிக்கிறார்கள்.

இவ்வளவும் ஒரே நாளில் நடக்காது என்று எனக்குத் தெரியும். முதலில் கேட்டது மட்டும் அடுத்த மாமன்றக் கூட்டத்திலேயே முடியும். பலகைக்கு மாதிரி வேண்டுமானால் நானே வரைந்து தருகிறேன், இரண்டடிக்கு ஒன்றரை அடி போதும்: உத்தரவு எண், துறை, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, புகாருக்கு ஒரு போன் நம்பர். முடிவுத் தேதி கட்டத்தைக் காலியாக விட்டால் அந்தப் பலகை செல்லாது என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதைத்தான் முதலில் காலியாக விடுவார்கள்.

இப்படிக்கு,
அம்மாபேட்டையில் பிளான் போட்டுப் பிழைக்கும் ஒரு வரி செலுத்துபவன்